குழாயை எடுத்த பிறகு

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை அறுத்துக் கட்டிய பிறகும் அதற்குள் ஓடும் சிரை உடனே மூடிக்கொள்வதில்லை. ஏறத்தாழ ஒரு வாரம் வரை மெல்லிய குழாய் ஒன்றை அதன் வழியே உள்ளே செலுத்தலாம். கையிலும் காலிலும் ஊசி போடச் சிரை அகப்படாத குறைமாதக் குழந்தைக்கு அதுவே கைகொடுக்கும் வழி. 1940களில் பாஸ்டன் நகரில் லூயி டயமண்ட் என்ற மருத்துவர், தாயின் ரத்த வகையோடு ஒத்துப்போகாமல் கடும் காமாலையில் விழுந்த குழந்தைகளுக்கு ரத்தத்தை மாற்றி ஏற்ற இந்த வழியைக் கையாண்டார். பிறகு அது உலகமெங்கும் பரவியது. இன்று சர்க்கரைக் கரைசல், ரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்து, பால் குடிக்க முடியாத நாள்களுக்கான ஊட்டக் கரைசல் எல்லாம் இதன் வழியாகவே போகின்றன. "பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க" என்று நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டார் கவலையோடு சொல்லும்போது, அந்தப் பிள்ளையின் தொப்புளில் இப்படி ஒரு கதீட்டர் இருக்கக்கூடும். அதைச் செலுத்துவதில் நம் மருத்துவர்களும் செவிலியர்களும் நன்றாகத் தேறிவிட்டார்கள். எடுத்த பிறகு அது உள்ளே எதையாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் அந்த அளவுக்கு வழக்கமாகவில்லை. குழாயை எடுக்கும் வேளையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஒரு டாப்ளர் ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டில் அதைப் பற்றி ஒரு வரி: இந்த இரண்டையும் குமரி மாவட்டம் யாருடைய ஆணைக்கும் காத்திராமல் தொடங்கிவிட முடியும், தொடங்கவும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உடலுக்குள் ஓடும் ரத்தம் ஏன் உறைகிறது என்பதற்கு, ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் மருத்துவ மாணவர்கள் மூன்று காரணங்களைப் படிக்கிறார்கள்: நாளச் சுவரில் காயம், ஓட்டத்தில் தேக்கம், ரத்தத்தின் தன்மையில் மாற்றம். கதீட்டர் வைத்த பச்சிளங்குழந்தையிடம் மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. குழாயின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் சிரைக்கு அதுவே பெரிய அடைப்பு. அதன் நுனி சுவரில் உரசுகிறது, அடர்த்தியான ஊட்டக் கரைசல் அதே இடத்தை அரிக்கிறது. மூன்றாவது காரணத்தை விளங்கவைத்தவர் கனடாவின் ஹாமில்டன் நகரில் பணியாற்றிய மோரீன் ஆண்ட்ரூ. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் பலவும், உறையவிடாமல் தடுக்கும் புரதங்கள் பலவும் பிறந்த குழந்தையிடம் பெரியவர்களின் அளவில் ஏறத்தாழப் பாதியே இருக்கும் என்று 1980களில் அவர் குழுவினர் அளந்து காட்டினார்கள். நலமாக உள்ள குழந்தையிடம் இரண்டு பக்கமும் குறைவாகவே இருப்பதால் சமநிலை கெடுவதில்லை. கிருமித் தொற்று, நீரிழப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று வந்துவிட்டால் தராசு சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இதோடு குழாய் போகும் பாதையின் சிக்கலும் சேர்கிறது. தொப்புள் சிரை நேராக இதயத்துக்குப் போவதில்லை. அது கல்லீரலுக்குள் நுழைந்து, குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் இடது கிளையில் சேர்கிறது. அங்கிருந்து ஒரு குறுகிய இடைவழி பெருஞ்சிரைக்குப் போகிறது. பிறந்த சில நாள்களில் அந்த இடைவழியும் மூடத் தொடங்கும். குழாய் அதைக் கண்டுபிடித்துக் கடந்துவிட்டால் நுனி உதரவிதானத்துக்குச் சற்று மேலே, இதயத்தின் வாசலில் போய் நிற்கும். தவறினால் கல்லீரலுக்குள்ளேயே தங்கிவிடும். எக்ஸ்ரேயில் முதுகெலும்புகளை எண்ணி நுனி இருக்கும் இடத்தை ஊகிப்பதே பரவலான வழக்கம். அல்ட்ராசவுண்டில் ஊகத்துக்கு வேலையில்லை, நுனியையே பார்க்கலாம். கொடி காய்ந்து சுருங்கும்போது நுனி இடம் மாறுவதும் உண்டு என்பதால், முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே சரியாக இருந்தது என்பது ஐந்தாம் நாளுக்கு உத்தரவாதமாகாது.

உறைகட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அது வெளியே தெரிவதும் தெரியாததும். காலில் என்றால் கால் வீங்கும். கழுத்தில் என்றால் முகம் உப்பும். இதய அறைக்குள் என்றால் நிலைமை சட்டென்று மோசமாகும். போர்ட்டல் சிரையில் வந்த கட்டி எதையும் காட்டாது. குழந்தை பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது, வீட்டுக்குப் போகிறது. கட்டி கரையாமல் அடைத்துக்கொண்டால், வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் வரப்பு ஏறிப் பக்கத்து வயல்களில் பாய்வதைப் போல, ரத்தம் சின்னச்சின்னச் சிரைகளை விரித்துக்கொண்டு சுற்றுவழியில் ஓடத் தொடங்குகிறது. மண்ணீரல் பெருக்கிறது. உணவுக்குழாயின் அடியில் சிரைகள் புடைத்து நிற்கின்றன. நான்கைந்து வயதில், நேற்றுவரை ஓடியாடிய பிள்ளை ரத்தமாக வாந்தி எடுக்கிறது. கல்லீரல் ஒழுங்காகவே வேலை செய்வதால் அதுவரை காமாலையோ வேறு அறிகுறியோ இருந்திராது. இந்தியக் குழந்தைகளுக்குப் பெரிய அளவில் ரத்த வாந்தி வருவதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இந்தப் போர்ட்டல் சிரை அடைப்பு.

வயிற்றிலிருந்து ரத்தம் என்றாலே குடற்புண் என்று எண்ணுவது குமரி மாவட்டம் அடங்கிய தென் திருவிதாங்கூரில் பழைய பழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. லண்டன் மிஷன் மருத்துவப் பணி 1838இல் வேர்விட்ட நெய்யூருக்கு, எவரெஸ்ட் ஏறப்போன அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல் 1920களில் வந்து சேர்ந்தார். இந்தப் பகுதியில் இவ்வளவு பேருக்குக் குடற்புண் வருகிறதே என்று வியந்து, தான் அறுவை செய்தவர்களின் விவரங்களைத் திரட்டி மருத்துவ இதழ்களில் எழுதினார். வாசலில் வந்து நின்ற நோயாளிகளை ஒழுங்காக எண்ணி எழுதிவைத்தாலே ஒரு சிற்றூர் மருத்துவமனை உலகத்துக்குப் புதிய செய்தி சொல்லலாம் என்பதற்கு நெய்யூரைவிட நல்ல சான்று இந்த மாவட்டத்தில் இல்லை. பச்சிளங்குழந்தைகளின் உறைகட்டி விஷயத்திலும் இன்று வேண்டியது அந்த எண்ணும் பழக்கம்தான்.

எத்தனை குழந்தைகளுக்கு இப்படி நேர்கிறது என்று கேட்டால், எப்படித் தேடினோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. கனடாவிலிருந்து பல நாட்டு மருத்துவமனைகளைச் சேர்த்து நடத்திய பதிவேடு ஒன்றின் முடிவுகள் 1995இல் வெளியாயின. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 1,000 குழந்தைகளில் 2.4 பேருக்கு உறைகட்டி. சிறுநீரகச் சிரையில் தானாக வரும் கட்டிகளை விலக்கிவிட்டால், மீதியில் பத்துக்கு ஒன்பது கதீட்டரோடு தொடர்புள்ளவை. ஆனால் இவை வெளியே அறிகுறி காட்டி, மருத்துவருக்கு ஐயம் எழுந்து, கண்டுபிடிக்கப்பட்டவை. தென்கொரிய மருத்துவர்கள் 2001இல் வேறு விதமாகச் செய்தார்கள். தொப்புளில் கதீட்டர் வைத்த 100 குழந்தைகளை, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்கேன் செய்தார்கள். 43 பேரின் போர்ட்டல் சிரையில் கட்டி இருந்தது. ஒருவரிடமும் வெளி அறிகுறி இல்லை. இரண்டு எண்களையும் அப்படியே அருகருகே வைப்பது நியாயமாகாது என்பது உண்மை. முன்னது சேர்ந்த எல்லாக் குழந்தைகளையும் கணக்கில் எடுத்தது, பின்னது கதீட்டர் வைத்தவர்களை மட்டும். 43 என்பது ஒரே ஓர் ஆய்வின் கணக்கு, சிறு கட்டிகளும் அதில் அடக்கம். அந்தக் கழிவுகளையெல்லாம் கழித்தாலும் இடைவெளி மிகப் பெரியது. அறிகுறி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலைப்பாடு, பெரும்பாலான கட்டிகளைப் பார்க்காமல் விடுவதென்ற முடிவுதான். டொராண்டோவில் போர்ட்டல் சிரை உறைவு கண்ட 133 குழந்தைகளைப் பற்றி 2006இல் வந்த ஆய்வில், ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குத் தொப்புள் கதீட்டர் வைத்திருந்தார்கள். அந்தக் குழாய்களில் சரியான இடத்தில் நின்றவை பாதிக்கும் குறைவு.

அனுபவமுள்ள குழந்தை மருத்துவர் இங்கே குறுக்கிடுவார். அந்தக் கொரிய ஆய்விலேயே, பின்தொடர முடிந்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்குக் கட்டி முழுதாகவோ ஓரளவோ கரைந்துவிட்டதே. தானே கரைவதைத் தேடிப் பிடித்து என்ன பயன்? கண்டுபிடித்துவிட்டால் கை சும்மா இருக்காது, உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் கொடுக்கத் தோன்றும், குறைமாதக் குழந்தையின் மூளைக்குள் ரத்தம் கசிந்தால் யார் பொறுப்பு? எனக்குத் தெரிந்து இதுவே மிக வலுவான மறுப்பு. இதை மேலோட்டமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதில் பார்ப்பதும் மருந்து கொடுப்பதும் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டுள்ளன. அமெரிக்க ரத்தவியல் கழகம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், போர்ட்டல் சிரையை முழுதாக அடைத்த கட்டிக்கே உறைவெதிர்ப்பு மருந்தைப் பரிந்துரைக்கிறது. பகுதி அடைப்புக்கு மருந்தில்லாமல் விடுவதையே ஆதரிக்கிறது. இவற்றுக்கான சான்றுகள் மெலிந்தவை என்பதையும் அதே ஆவணம் ஒளிக்காமல் சொல்கிறது. முழு அடைப்பா, பகுதி அடைப்பா என்பது ஸ்கேன் செய்யாமல் யாருக்கும் தெரியாது. கட்டியைக் கண்ட பிறகு மருந்தே கொடுக்காமலும் செய்யக்கூடியவை இருக்கின்றன: குழாய்க்கு இன்னும் தேவை உண்டா என்று அன்றே முடிவெடுப்பது, மறு ஸ்கேனுக்கு நாள் குறிப்பது, பெற்றோருக்குச் சொல்வது. தொப்புள் கதீட்டரை 14 நாள் வரை வைத்திருக்கலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011இல் சொன்ன வரம்பைச் சிலர் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டார்கள். நாள் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. கரையும் பாதியைக் காட்டி வாதிடுவோர், கரையாத மறுபாதி எந்தெந்தக் குழந்தைகள் என்பதை எப்படி அறிவார்கள்?

ஸ்கேன் எல்லாக் கட்டியையும் காட்டாது என்பதும் உண்மைதான். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் மார்புச் சிரைகளையும் கழுத்துச் சிரைகளையும் இரண்டு விதமாகப் பார்த்த கனடிய ஆய்வு 2002இல் வந்தது. சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே, உறைகட்டிகளில் 79 விழுக்காட்டைக் காட்டியது. அல்ட்ராசவுண்ட் 37 விழுக்காட்டை மட்டுமே. தொப்புள் கதீட்டர் வைத்த பச்சிளங்குழந்தைகளுக்கு இதய ஸ்கேன் செய்து ஒப்பிட்ட இன்னோர் ஆய்விலும், இருந்த கட்டிகளில் பாதிக்கும் குறைவானவையே அகப்பட்டன. எங்கே கோட்டைவிட்டது என்று பார்த்தால் சங்கதி விளங்கும். காரை எலும்புக்குப் பின்னாலும் நெஞ்சுக்கூட்டுக்கு உள்ளேயும் எலும்பும் நுரையீரல் காற்றும் ஒலி அலையை மறிக்கின்றன. சிரையை அழுத்திப் பார்க்கவும் வழியில்லை. கழுத்தில் நிலைமை தலைகீழ்: எக்ஸ்ரே தவறவிட்டதை அல்ட்ராசவுண்ட் பிடித்தது. அழுத்தினால் அமுங்கும் சிரை நல்ல சிரை, அமுங்காதது அடைபட்டது என்ற எளிய சோதனை கழுத்திலும் தொடையிலும் பயன்படும். பச்சிளங்குழந்தையின் சிரை ஸ்கேன் கருவியின் புரோபின் எடைக்கே அமுங்கிவிடும் என்பதால் கை லேசாக இருக்க வேண்டும், ஜெல்லும் குளிர்ந்திருக்கக் கூடாது. போர்ட்டல் சிரைக்கோ இந்தத் தடைகள் எதுவும் இல்லை. பிறந்த குழந்தையின் கல்லீரல் பெரியது, வயிற்றுச் சுவர் மெல்லியது, நடுவே எலும்பு கிடையாது. புதிதாக உறைந்த ரத்தம் திரையில் ஓடும் ரத்தத்தைப் போலவே கறுப்பாகத் தெரியும் என்பதால் சாதாரண ஸ்கேன் ஏமாற்றலாம். டாப்ளரில் அந்த இடம் நிறமில்லாமல் நின்றுவிடும். மார்புக்குள் ‘ஒன்றுமில்லை’ என்று ஸ்கேன் சொன்னால் அதை அரைகுறையாகவே நம்பலாம். கல்லீரலில் சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். நாம் கேட்பது கல்லீரலைப் பற்றித்தான்.

ஸ்கேனின் குறையைவிடக் கனமான ஐயம் ஒன்று இந்தியாவுக்கே உரியது. இங்கே போர்ட்டல் சிரை அடைபட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தொப்புள் கதீட்டர் வைத்த வரலாறு கிடைப்பதில்லை. காரணம் தெரியாதவை என்றே பலவும் எழுதப்படுகின்றன. தொப்புள் கதீட்டரும் கிருமித் தொற்றும் இந்த அடைப்புக்குக் காரணமா என்ற கேள்வியோடு தில்லி மருத்துவர்கள் 1993இலேயே பச்சிளங்குழந்தைகளை ஸ்கேன் செய்து பார்த்தார்கள் என்பதிலிருந்து, ஐயம் புதிதல்ல என்பது தெரிகிறது. ஆனால் அன்று பல பிள்ளைகள் வீட்டிலேயே பிறந்தார்கள். தொப்புளில் சீழ் பிடித்து அடைப்பு வர வாய்ப்பிருந்த காலம் அது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2020இல் மாநிலத்தின் சிசு மரண விகிதம் 1,000க்கு 13. முன்பு பிழைத்திராத குழந்தைகள் இன்று குழாயின் தயவால் பிழைக்கிறார்கள்; நோயின் காரணங்களும் அதற்கேற்ப மாறத்தான் செய்யும். வரலாறு கிடைக்கவில்லை என்பதன் பொருளையும் யோசிக்க வேண்டும். சிசேரியன் முடிந்து வேறொரு வார்டில் படுத்திருந்த தாயிடம், ஐந்து ஆண்டுகள் கழித்து, "பிள்ளையின் தொப்புளில் குழாய் வைத்தார்களா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? எழுதிவைக்காத ஒன்றைப் பிறகு தேடினால் அது இல்லாததாகவே தோன்றும். இந்தியாவின் எல்லா அடைப்புக்கும் கதீட்டரே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கதீட்டர் வைத்த குழந்தைக்கு அதனால் வரக்கூடியது எதுவென்று பார்ப்பது வைத்தவர்களின் கடமை, அவ்வளவே.

செலவைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளின் மூளையில் ரத்தக் கசிவு உண்டா என்று உச்சிக்குழி வழியே ஸ்கேன் செய்வது ஏற்கெனவே நிலைபெற்ற வழக்கம். தலைக்கு வந்த இயந்திரத்தை வயிற்றுப் பக்கம் நகர்த்தச் சில நிமிடங்கள் போதும். உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. கருவிலுள்ளது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டம், 2003இல் மேலும் இறுக்கப்பட்டது. அதன்படி ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் இயந்திரமும் பதிவு செய்யப்பட வேண்டும், பயன்படுத்துபவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும், எடுத்துச் செல்லக்கூடிய இயந்திரங்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு. பிறந்த குழந்தைக்கு மட்டும் பயன்படும் இயந்திரமும் இதே வலைக்குள் வருவதால், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளவும் குழந்தை மருத்துவரே புரோபைக் கையில் எடுக்கவும் தயக்கம். பெண் சிசுக்களைக் காக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மாநிலத்தில் இந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்வது பொறுப்பாகாது. தளர்த்தாமலே வேலை நடக்கும்: பிரிவிலேயே நிற்கும் ஓர் இயந்திரத்தை முறைப்படி பதிவு செய்து, அதைக் கையாளப் பயிற்சி பெற்ற குழந்தை மருத்துவர்களின் பெயர்களையும் அந்தப் பதிவில் சேர்க்க மாவட்ட அதிகாரிகள் முன்வந்தால் போதும். அதுவரை கதிரியக்கப் பிரிவிலிருந்து ஒருவர் வாரத்தில் சில நாள் வந்து பார்த்தாலும் கணிசமான குழந்தைகளை எட்டிவிடலாம்.

குமரி மாவட்டத்துக்கு என்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று இந்தப் பகுதி தமிழகத்தோடு இணைந்து எல்லைக்கோடு மாறியது. மருத்துவத்துக்குத் திருவனந்தபுரம் போகும் பழக்கம் மாறவில்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறினால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போவோரும் உண்டு, திருவனந்தபுரத்தின் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்குப் பாய்வோரும் உண்டு. தாயின் கர்ப்பப் பதிவான பிக்மி எண் தமிழ்நாட்டுக் கணினியில் இருக்கும். குழந்தையின் கோப்பு கேரளத்தில் இருக்கும். ஐந்து வயதில் எண்டோஸ்கோப்பி செய்பவர் திருநெல்வேலியிலோ வேலூரிலோ இருப்பார். இந்த மூன்றையும் இணைக்கும் ஒரே ஆவணம் பெற்றோர் கையிலுள்ள டிஸ்சார்ஜ் சீட்டு. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டோடு தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகுந்த மாவட்டமாக வந்த ஊர் இது; எழுதிக் கொடுத்தால் படிப்பார்கள். எழுதிக் கொடுக்காததன் விலையை இந்த மாநிலம் ஒரு முறை அறிந்திருக்கிறது. 1996இல் சென்னை அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை தேவை என்று யாரும் சொல்லவில்லை, பார்வை போயிற்று. 2015இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. விழித்திரைக்கு லேசர் என்ற உறுதியான சிகிச்சை உண்டு, சிரை அடைப்புக்கு அப்படி இல்லை என்ற வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. காப்பாற்றிய சிகிச்சையே பின்னால் தரக்கூடிய கேட்டைப் பெற்றோருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்ற நெறி இரண்டுக்கும் பொது.

அந்த விழித்திரைப் பரிசோதனைக்குக் குறைமாதக் குழந்தைகள் ஒரு மாத அளவில் எப்படியும் மருத்துவமனைக்கு வருகிறார்கள். கட்டி கண்ட குழந்தைக்கு இரண்டாவது ஸ்கேனை அதே நாளில் வைத்துவிடலாம். அப்போதும் கரையாமல் இருந்தால், தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் தட்டுப்படுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இரு முறையும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் போகும் தேசியச் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவுக்கு, எந்தப் பிள்ளையின் வயிற்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்ற பெயர்ப் பட்டியல் போதும். எல்லாக் குழந்தைகளுக்கும் ஸ்கேன் என்று தொடங்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் குழாய் இருந்தவர்கள், நுனி கல்லீரலில் நின்றவர்கள், ரத்தமாற்று நடந்தவர்கள், கிருமித் தொற்றோடு தட்டணுக்கள் குறைந்தவர்கள் என்று தொடங்கினால் ஒரு மாவட்டத்தில் கையாளக்கூடிய எண்ணிக்கைதான் வரும்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் நாளில், தொப்புளில் குழாய் வைத்தீர்களா, எத்தனை நாள் இருந்தது, எடுத்தபோது ஸ்கேன் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, தடுப்பூசி அட்டை இருக்கும் கவரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.